விற்கும் வீட்டைப் புகைப்படத்துக்குத் தயார் செய்தல்: சென்னை அடுக்குமாடி வீட்டை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நங்கநல்லூரில் என் பெற்றோர் 26 ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விற்பது என்று முடிவானபோது, தரகர் ஒருவர் மாலை 7 மணிக்கு வந்து, ஹாலில் எரிந்துகொண்டிருந்த ஒற்றைக் குழல்விளக்கின் வெளிச்சத்தில் கைபேசியால் ஒன்பது படங்கள் எடுத்து, அன்றிரவே இணையத்தில் ஏற்றிவிட்டார். அடுத்த மூன்று வாரங்களில் அழைத்த சிலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கீழ்த்தளமா? வெளிச்சமே வராதா?" அது மூன்றாம் தளத்தில் கிழக்குப் பார்த்த வீடு. காலை ஏழரை மணிக்கு ஹாலின் பாதித் தரை வெயிலில் கிடக்கும். வீட்டில் இருந்த நல்லது எதுவும் படத்தில் இல்லை. படத்தில் இருந்ததெல்லாம் நாங்கள் அன்றாடம் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் போன சாமான்கள்தான்.

அந்தப் படங்களை நீக்கச் சொல்லி, நான்கு நாள் வேலை செய்து, ஐந்தாம் நாள் காலையில் மீண்டும் எடுத்தோம். அதன் பிறகு வீட்டைப் பார்க்க வந்த ஓர் அம்மாள், வாசற்படியைத் தாண்டியதும், "படத்துல பார்த்த மாதிரியே இருக்கு" என்றார். ஒரு வீட்டுப் படம் வாங்கித் தரவேண்டிய பாராட்டு இதுவே என்று நான் நினைக்கிறேன். படத்தைப் பார்த்து வந்தவர் வீட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. வீட்டை நேரில் பார்த்தால் பிடித்துப்போகக்கூடியவர் படத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகவும் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கான வேலைகள். நல்ல கேமரா இருந்தால் உதவும். ஆனால் கேமரா வருவதற்கு முன் நடக்கும் வேலைதான் படத்தின் முக்கால் பங்கு.

முதலில் கைபேசியோடு ஒரு சுற்று

எதையும் துடைக்கவோ நகர்த்தவோ தொடங்குவதற்கு முன், வீடு இருக்கிற நிலையிலேயே ஒவ்வோர் அறையின் வாசலிலும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே பார்க்காமல், மறுநாள் காலையில் வேறோர் இடத்தில் உட்கார்ந்து, கூடுமானால் கணினியின் பெரிய திரையில் பாருங்கள். நம் கண் தேவையற்றதைத் தானாகவே தள்ளிவிட்டுப் பார்க்கும் பழக்கமுடையது. கேமராவுக்கு அந்தத் தயவு கிடையாது. எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோதுதான் படுக்கையறைக் கண்ணாடியின் ஓரத்தில் அம்மா ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகள் தெரிந்தன. சிறியதும் பெரியதுமாகப் பதினொரு பொட்டுகள், சில பசை காய்ந்து கறுத்துப்போனவை. ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கைபட்டுப் படிந்த அழுக்கு வளையமும், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தலையெண்ணெய்க் கறையும் அந்தப் படங்களில்தான் எங்கள் கண்ணில் பட்டன. பார்த்ததை எல்லாம் அறைவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் அடுத்த சில நாட்களின் வேலைப்பட்டியல்.

வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர் இருந்தால், இந்த முதல் சுற்றுக்கே அவருடைய சம்மதம் தேவை. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நாளையும் நேரத்தையும் சொல்லி, எந்தெந்த அறைகள் படமாகும், அவருடைய பொருட்களில் எவை தெரியக்கூடும் என்பதையும் விளக்கிவிடுங்கள். மனத்தாங்கலோடு கதவைத் திறப்பவரின் வீட்டில் நல்ல படம் எடுக்க முடிவதில்லை.

பழுதுகள்: எதைச் சரிசெய்வது, எதை மறைக்கவே கூடாது

சிறு பழுதுகளை முதலில் முடியுங்கள். எரியாத பல்பு, தொங்கும் ஸ்விட்ச் போர்டு மூடி, சொட்டும் குழாய், கைப்பிடி கழன்ற அலமாரிக் கதவு, ஆணி பிடுங்கிய ஓட்டைகள் ஆகியவை ஒரு நாள் வேலை. ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பது பலரும் செய்யும் தவறு. பழைய பெயிண்ட் வெளிறியிருக்கும் என்பதால், அதே எண்ணுள்ள நிறத்தை வாங்கி அடித்தாலும் திட்டுத்திட்டாகத் தெரியும். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் அது இன்னும் எடுத்துக்காட்டும். அடிப்பதானால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் அடித்துவிடுங்கள். எல்லாச் சுவர்களுக்கும் வசதியில்லை என்றால், வாசலிலிருந்து பார்க்கும்போது நேரெதிரே தெரிகிற சுவரை மட்டும் அடித்தால் போதும்.

ஓதம் வேறு விஷயம். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர், ஜனவரியில் சென்னை வீடுகளின் மேல்தளச் சுவர்களிலும் குளியலறையை ஒட்டிய சுவர்களிலும் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். நீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் அதன்மேல் பெயிண்ட் அடித்துப் படமெடுப்பது, வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். சட்டமும் அதை ஏற்பதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை அவரிடம் சொல்லிவிடவேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு. கசிவைச் சரிசெய்ய முடிந்தால் செய்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். முடியாவிட்டால் அது படத்தில் இருக்கட்டும், விலையிலும் பேசப்படட்டும்.

அகற்றுதல்

அழகுப் பொருட்களை வாங்கி அடுக்குவதைவிட, இருப்பவற்றை எடுத்து வைப்பதே படத்துக்கு அதிகம் உதவும். பார்ப்பவர் தம்முடைய கட்டிலும் பீரோவும் அங்கே பொருந்துமா என்றுதான் மனத்துக்குள் அளந்து பார்க்கிறார். அதற்குத் தரையும் சுவரும் கண்ணில் படவேண்டும். ஓர் அறையில் தரை எந்த அளவு தெரிகிறதோ அந்த அளவுக்கு அறை பெரிதாகத் தோன்றும். ஆகவே ஹாலில் சோபாவும் ஒரு மேசையும் போதும். மடக்கு நாற்காலிகள், துணி காயவைக்கும் ஸ்டாண்டு, இஸ்திரி மேசை, குழந்தையின் நடைவண்டி, செருப்பு அடுக்கு எல்லாம் வெளியேற வேண்டியவை. வெளியேற்ற இடமில்லாத சிறிய வீடுகளில், அறைக்கு அறை சாமான்களை மாற்றிக்கொண்டே படமெடுக்கலாம். முதல் அறையை முடித்ததும் அடுத்த அறையின் பொருட்கள் அங்கே வந்துவிடும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கட்டாயம் கழற்றுங்கள். எங்கள் வீட்டின் முதல் படங்களில் அதன் தேதி தெளிவாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் அந்தப் படம் இணையத்தில் கிடந்தால், வீடு எத்தனை நாளாக விலைபோகாமல் இருக்கிறது என்பதை அந்த ஒற்றைத் தாள் சொல்லிவிடும். விலை பேச வருபவருக்கு அது போதும்.

அடுத்தது பாதுகாப்பு. குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை, பெயரும் முகவரியும் உள்ள வங்கிக் கடிதங்கள், மருந்துப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தொலைபேசி எண்கள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கதவருகே ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தும் போகவேண்டும்; தெளிவான படம் ஒன்று கிடைத்தால் அதை வைத்தே மாற்றுச் சாவி செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நகை, பணம் வைக்கும் பீரோவின் உட்புறத்தைத் திறந்து காட்ட எந்தத் தேவையும் இல்லை.

சுத்தம்

இங்கே அவசரப்படாதீர்கள். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. குழாய்களிலும் குளியலறைக் கண்ணாடியிலும் அது விட்டுச்செல்லும் வெள்ளை உப்புக்கறை, வீடு எவ்வளவு புதியதானாலும் பழையதாகக் காட்டும். சமையலில் பயன்படும் வினிகரில் நனைத்த துணியைக் குழாயின் மேல் அரைமணி நேரம் சுற்றி வைத்து, பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதே வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ மார்பிள் தரையிலும் மொசைக் தரையிலும் படவிடாதீர்கள். மொசைக்கில் பதித்திருப்பவையும் மார்பிள் சில்லுகளே; புளிப்பு அவற்றை அரித்துப் பளபளப்பைப் போக்கிவிடும். குளியலறைக்கு ஆசிட் ஊற்றும் வழக்கத்தையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அதன் ஆவி பட்டே குழாய்களின் முலாம் கறுத்துப்போகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மின்விசிறி இறக்கைகளை ஒரு பழைய தலையணை உறைக்குள் நுழைத்து உருவினால் தூசி கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே தங்கிவிடும். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாகவேண்டும். எதிர்வெளிச்சத்தில் கம்பியின் மேல் படிந்த தூசி பஞ்சு போலத் தெரியும். கொசுவலை பிரித்து ஒட்டும் வகையாக இருந்தால் படமெடுக்கும் அன்று கழற்றிவிடுங்கள்: வெளிச்சம் கூடும், வெளியே தெரியும் வேப்பமரமும் மங்கலாகாமல் தெரியும்.

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடித் தரையும், பழைய சென்னை வீடுகளில் சிவப்புக் காவித் தரையும் இருக்கும். இவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பேற்றும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அதைப் படமெடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே செய்து, உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடவேண்டும். எண்ணெய் மேலே நின்றால் ஜன்னல் வெளிச்சம் தரையில் வெள்ளைத் திட்டாக அடித்து, தரையின் வேலைப்பாடே தெரியாமல் போகும்.

வெளிச்சமும் நேரமும்

வீட்டின் திசையைப் பொறுத்தே படமெடுக்கும் நேரத்தை முடிவு செய்யவேண்டும். புகைப்படக்காரருக்கு எப்போது வசதி என்பது அடுத்த கேள்வி. கிழக்குப் பார்த்த வீட்டின் முகப்பைக் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள்ளும், மேற்குப் பார்த்ததை மாலை நான்கிலிருந்து ஐந்தரைக்குள்ளும் எடுக்கலாம். வடக்கும் தெற்கும் சற்று யோசிக்கவேண்டியவை. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்து போகிறது. ஆகவே வடக்குப் பார்த்த முகப்புக்கு வெயில் கிடைப்பது பெரும்பாலும் கோடையில்தான், அதுவும் காலையிலும் மாலையிலும். தை, மாசியில் அந்த முகப்பு நாள் முழுவதும் நிழலில் இருக்கும். அப்போது எடுப்பதானால் மெல்லிய மேகம் மூடிய நாளைத் தேர்ந்தெடுங்கள். நிழலில் கிடக்கும் சுவருக்குப் பின்னால் பளீரென்ற வானம் வந்தால் எந்தக் கேமராவும் திணறும்.

உள்ளறைகளுக்கு நேரடி வெயிலைவிடப் பரவிய வெளிச்சமே நல்லது. ஹால் தரையில் ஒரு கீற்று வெயில் விழுந்தால் அழகு. பாதி அறை வெயிலிலும் பாதி அறை இருட்டிலும் இருந்தால் படம் வீணாகும். திரைச்சீலைகளை முழுவதும் விலக்கி, எல்லா ஜன்னல்களையும் திறந்து வையுங்கள்.

விளக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் குழல்விளக்கு 6500 கெல்வின் வெள்ளையாகவும், அலங்கார விளக்கு 3000 கெல்வின் மஞ்சளாகவும் ஒரே அறையில் எரியும். கண் இரண்டையும் பழகிக்கொள்ளும். படத்திலோ ஒரு சுவர் நீலமாகவும் மறு சுவர் ஆரஞ்சாகவும் வரும். ஓர் அறையில் ஒரே நிற விளக்குகளை மட்டும் எரியவிடுங்கள். பகல் வெளிச்சம் போதுமான அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவதே என் வழக்கம். விலை குறைந்த சில எல்.இ.டி. விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை துடிப்பதால் படத்தில் கோடுகள் விழும். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒரு படத்துக்கு ஒளியை உள்ளே விடும் நேரத்தை, ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு வினாடிக்கு வைத்தால் அவை மறையும்.

அறை அறையாக

வாசலில் தொடங்குவோம். நிலைப்படியில் காய்ந்து சுருண்டிருக்கும் மாவிலைத் தோரணத்தைக் கழற்றிவிட்டுப் பச்சை இலையைக் கட்டுங்கள். காலையில் போட்ட சிறிய கோலம் ஒன்று இருந்தால் வாசல் முழுமையாகிவிடும். செருப்புகள் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. கதவு ஒன்று முழுவதும் திறந்திருக்கவேண்டும், அல்லது முழுவதும் மூடியிருக்கவேண்டும். பாதி திறந்த கதவு படத்தில் தடையாக நிற்கும்.

வீடு வாங்குவோர் படத்தில் கூர்ந்து பார்க்கும் இடங்களில் சமையலறையும் ஒன்று. மேடையில் அடுப்பு தவிர வேறெதுவும் இல்லாமல் துடைத்துவிட்டு, பிறகு வேண்டுமானால் ஒரு பித்தளைக் குடத்தையோ கறிவேப்பிலைக் கொத்து வைத்த கண்ணாடிக் குவளையையோ மட்டும் வையுங்கள். மிக்ஸி, தண்ணீர் கேன், எண்ணெய்ப் பாத்திரம், கைப்பிடித் துணி, பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். அடுப்புக்குப் பின்னால் உள்ள ஓடுகளின் இடுக்கில் மஞ்சள் கலந்த எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். சூடான நீரில் சோடா உப்பைக் குழைத்துப் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்க்கவேண்டும். சிம்னியின் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். பரணில் அடுக்கிய பாத்திரங்களை ஒழுங்காக வைக்க முடியாவிட்டால், ஒரே நிறத் திரையால் மூடுங்கள். ஆனால் பரண் இருக்கிறது என்பது தெரியவேண்டும், நம் ஊரில் வாங்குபவர் அதைத் தேடிப் பார்ப்பார்.

படுக்கையறையில் ஒரே நிறமான, இஸ்திரி போட்ட விரிப்பு போதும். பீரோவின் மேல் உள்ள பெட்டிகளை இறக்குங்கள். கண்ணாடி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் படமெடுப்பவர் அதில் தெரிகிறாரா என்று பாருங்கள்.

பூஜையறையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யவேண்டும். சிலர் சுவாமி படங்கள் இணையத்தில் போவதை விரும்புவதில்லை. அப்போது திரையை மூடி, அந்த இடத்தை மட்டும் காட்டலாம். காட்டுவதானால் வாடிய பூவை எடுத்து, விளக்குப் புகையால் கறுத்த மேற்சுவரைத் துடைத்து, விளக்கை ஏற்றாமல் எடுங்கள். முன்னோர் படங்களை அங்கிருந்து மரியாதையாக வேறிடத்துக்கு மாற்றிவிடலாம்.

குளியலறையில் வாளி, மக்கு, சோப்பு, துடைப்பம், துண்டு எதுவும் வேண்டாம். கழிப்பறை மூடி மூடியிருக்கட்டும், தரை காய்ந்திருக்கட்டும். பால்கனியில் துணிக்கொடியைக் கழற்றி, புறா எச்சத்தை நீர் தெளித்து ஊறவைத்துத் துடையுங்கள். உலர்ந்த எச்சத்தைச் சுரண்டினால் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. துளசி மாடம் இருந்தால் அது அங்கேயே இருக்கலாம்.

எடுக்கும்போது

அன்று காலை மின்விசிறி, டிவி இரண்டையும் அணையுங்கள். மெதுவான ஷட்டரில் ஓடும் இறக்கைகள் மங்கிய வட்டமாகப் பதியும். கேமராவைத் தரையிலிருந்து 4 முதல் 4½ அடி உயரத்தில் முக்காலியில் வைத்து, மேலும் கீழும் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோலத் தெரியும். கைபேசியானால் திரையில் கட்டக்கோடுகளை இயக்கி, கதவு நிலையின் செங்குத்துக் கோட்டை அதோடு ஒத்துப் பாருங்கள். லென்சைத் துடைப்பதும், மூன்று வினாடி டைமர் வைத்து எடுப்பதும் சிறிய வேலைகள், பலன் பெரிது.

கைபேசியின் 0.5 மடங்கு அகலக் கோணத்தை நான் குளியலறைக்கும் சிறிய சமையலறைக்கும் மட்டுமே பயன்படுத்துகிறேன். பத்தடி அறையைப் பதினைந்தடியாகக் காட்டும் அந்தப் படத்தை நம்பி ஒருவர் திருவள்ளூரிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ விடுப்பெடுத்துக்கொண்டு வந்து நிற்பார். வாசலிலேயே அவர் முகம் மாறும். அறையின் மூலையிலோ வாசலிலோ முதுகை ஒட்டி நின்று சாதாரணக் கோணத்தில், கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுத்தால் பெரும்பாலான அறைகள் அடங்கிவிடும்.

வீட்டுக்கு வெளியே லிஃப்ட், மாடிப்படி, கார் நிறுத்துமிடம், தெருவின் அகலம் ஆகியவற்றையும் எடுங்கள். மற்றவர் வண்டிகளின் எண்கள் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எடுக்க ட்ரோன் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நங்கநல்லூர் போல விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி அனுமதியின்றி அதைப் பறக்கவிட முடியாது. மொட்டைமாடியிலிருந்து எடுத்த ஒரு படமே சுற்றுப்புறத்தைக் காட்டிவிடும்.

ஏற்றுவதற்கு முன்

இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பதினைந்திலிருந்து இருபது படங்கள் போதும். ஒரே அறையின் ஐந்து கோணங்கள் பார்ப்பவரைக் களைப்பாக்கும். முதல் படமாக வீட்டின் மிக வெளிச்சமான அறையை வையுங்கள். அதன் பின் ஒருவர் வாசலில் நுழைந்து நடந்து செல்லும் வரிசையிலேயே மற்றவை வரட்டும். அளவுகள் குறித்த எளிய வரைபடம் ஒன்றைக் கடைசியில் சேர்த்தால், வீண் அழைப்புகள் குறையும்.

திருத்தும்போது வெளிச்சத்தைக் கூட்டலாம், சாய்வை நேராக்கலாம், வெள்ளைச் சுவரை வெள்ளையாகக் கொண்டுவரலாம். ஜன்னலுக்கு எதிரே போகும் மின்கம்பியையோ, பக்கத்துக் கட்டடத்தின் சுவரையோ, தரையின் விரிசலையோ அழிக்கக் கூடாது. அவை வாங்குபவர் நாளைக்கு அங்கே நின்று பார்க்கப்போகும் காட்சிகள். கைபேசிப் படங்களில் எடுத்த இடத்தின் குறிப்பு பதிந்திருக்கும் என்பதால், அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். திருத்தாத மூலப் படங்களைத் தனியாகச் சேமித்து வையுங்கள், தரகருக்கு அனுப்புவதற்கு முன்பே.

வீடு கைமாறி, பத்திரப் பதிவு முடிந்த அன்றே, ஏற்றிய எல்லா இடங்களிலிருந்தும் படங்களை நீக்கிவிடுங்கள். தரகர்களிடமும் நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த அறைகள் வேறொருவருடைய வீடு.